சோஹாரில் ரோஸாவின் வெள்ளிக்கிழமை

2007 நவம்பரில் அமீரகத்து அஜ்மானிலிருந்து ஓமன் நாட்டுச் சோஹாருக்குப் போய் மூன்று இரவுகள் தங்கினேன். கடலையும் கோட்டையையும் பார்க்கப் போகவில்லை. பிலோமினாவை நேரில் கேட்டு ஒரு முடிவுக்கு வரப் போனேன்.

பிலோ திருச்சி கான்வென்டில் பதினொரு வருடம் என் பெஞ்சில் உட்கார்ந்தவள். திருமணம் செய்துகொள்ளாதவள். நர்ஸாக முதலில் நியூயார்க்கில் இருந்தாள், பிறகு சோஹாருக்கு வந்தாள். டிசம்பரில் அவளுக்கு ஓய்வு; கேட்டால் வேலையை நீட்டித்துக் கொடுப்பார்கள். அதன்பின் திருச்சியில் என் வீட்டில் இருவரும் சேர்ந்து வாழ்வது என்று, என் கணவர் காலமான வருடமே எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மகனுடைய அஜ்மான் ஃபிளாட்டில் விருந்தாளியாகவே காலம் தள்ள எனக்கு விருப்பமில்லை. ஆனால் சில மாதங்களாக அவள் கடிதங்களில் டிசம்பரைப் பற்றிய பேச்சே இல்லை.

வியாழன் காலை 5.45க்கு ஷேர் டாக்ஸியில் துபாயின் தேரா பகுதிக்குப் போனேன், பதினைந்து திர்ஹம். அங்கிருந்து 7.30 மணி பஸ், ஐம்பது திர்ஹம். ஹத்தா எல்லையில் ஒரு மணி பத்து நிமிடம் நின்றோம். சோஹார் சேர்ந்தபோது 12.20. சுமார் இருநூற்றிருபது கிலோமீட்டர்; சாலை மிக நன்று, பஸ்ஸின் கழிவறையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

சோஹார் டாக்ஸிக்காரர் ஓமானியர். மூன்று ரியால் கேட்டவர், முகவரியைப் படித்ததும், "சிஸ்டர் பிலோ? ஜும்மா கா கானா?" என்று சிரித்தார். வெள்ளிக்கிழமைச் சாப்பாடு என்று பொருள். சிஸ்டரின் விருந்தாளியாம், ஒரு ரியால் போதுமாம். மூன்றையும் கொடுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிலோவின் கூடத்து அலமாரியில் சட்டமிட்ட ஒரே படம், வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தியுடையது.

"யாருடி இது?"

"ரோஸா. நியூயார்க்ல நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா. தையல்காரி."

என் படம் ஆல்பத்தில் இருந்ததாம்.

ரோஸாவும் அவள் சங்கத்தாரும் யூதர்கள், ஆனால் தொழுகைக்கூடத்துப் பக்கம் போகாதவர்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகள் கூடி உண்டாக்கிய சங்கம் அது. தங்கள் யித்திஷ் மொழியில் பாடுவார்கள், பிள்ளைகளுக்கு அதில் பாடம் நடத்துவார்கள், வேலைநிறுத்தம் என்றால் சோறு போடுவார்கள். உறுப்பினர் படுத்துவிட்டால் இருவர் போய்ப் பார்க்க வேண்டும்; செத்தால் எல்லோரும் வர வேண்டும். பிலோ இதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்குப் பழக்கமானது. பள்ளியில் என்னைப் பார்த்தால்தான் அது வரும். மாலையில் குழம்பைக் கிளறியபடி அந்த மொழியில் ஏதோ பாடினாள். பாட்டின் பொருளை நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு இருபத்துமூன்று ஆண்கள் வந்தார்கள். புதுக்கோட்டை, ராமநாதபுரம், கீழக்கரை, யாழ்ப்பாணம். துறைமுகத்திலும் சைட்டிலும் வேலை. அவர்கள் கூட்டத்துக்குப் பெயரோ பலகையோ கிடையாது. "இன்னிக்கு ஸ்டெல்லா ஆரம்பிக்கட்டும்" என்றாள் பிலோ. கான்வென்டில் படித்தவள் எதையும் எப்படித் தொடங்குவாள்? எழுந்தேன், சிலுவை அடையாளம் போட்டேன், கர்த்தர் கற்பித்த ஜெபத்தை உரக்கச் சொன்னேன். முடித்துவிட்டு ஆமெனுக்காகக் காத்திருந்தேன். இருபத்துமூன்று பேரும் தங்கள் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சோறு ஆறுது அக்கா" என்றார் புதுக்கோட்டைக் கொத்தனார் முருகேசன். "சாமி கும்பிடுறதுன்னா நாங்க ரூம்லயே ஆளுக்கொரு பக்கமா கும்பிட்டிருப்போமே!"

எல்லோரும் சிரித்தார்கள், பிலோவும்தான்.

"உக்காருடி. இங்க மொதல்ல வராதவங்க பேரைத்தான் சொல்லுவோம்."

அன்று வராதவர் ஒருவர். சிவபாலன், யாழ்ப்பாணத்துக்காரர், சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். சனிக்கிழமை போக முருகேசன் கை தூக்கினார். மற்றவர்களுக்கு டூட்டி. "நான் போகிறேன்" என்றேன். வீம்புதான்.

பாத்திரம் துலக்கும்போது கேட்டேன். "டிசம்பர் என்னாச்சு?"

"வாக்குக் குடுத்திருக்கேன். வரேன்." என்னைப் பார்க்காமல் சட்டியைத் தேய்த்தாள்.

"அந்த ரோஸா உனக்கு அப்படி என்னடி செஞ்சுட்டா?"

"அங்க எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தாங்க. உனக்கு எழுதினேன். நவநாள் ஜெபம் சொல்லுன்னு பதில் போட்ட. ரோஸா சங்கத்துலேருந்து முன்பின் தெரியாதவங்க, ரெண்டு ரெண்டு பேரா பதினேழு நாள் சூப் கொண்டு வந்தாங்க."

"நவநாளும் நல்லதுதான்."

"நல்லதுதான்டி."

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. சிவபாலனுக்கு நாற்பது வயதிருக்கும். என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நீங்கள் பிலோ அக்கான்ர சொந்தமோ?"

"கூடப் படித்தவள்."

"அவ டிசம்பரோட ஊருக்குப் போறாவெண்டு கதைக்கினம். மெய்யே?"

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த முருகேசனின் கை நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்.

பிலோ வந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். வாக்குத் தவறாதவள். திருச்சியில் என் எதிரே உட்கார்ந்து காபி குடிப்பாள், வெள்ளிக்கிழமைதோறும் ஒன்றரை மணிக்குக் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

"இல்லை. போகவில்லை" என்றேன்.

ஞாயிறு காலை பஸ் நிறுத்தத்தில் பிலோவிடம் சொன்னேன். "நீ இங்கேயே இருக்கேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள். அவ்வளவு சீக்கிரம் சிரித்திருக்க வேண்டியதில்லை.

ரோஸா இறந்து வெகு காலமாகிறதாம். உயிரோடு இருப்பவளிடம் தோற்றால் சண்டையாவது போடலாம். அவள் சங்கத்தைப் பற்றி எனக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை; தேடித்தான் பார்த்தேன்.

போகிறவர்களுக்கு: விசிட் விசாவில் அமீரகம் வந்தவர்கள் எல்லை தாண்டினால் திரும்ப நுழையப் புது விசா வேண்டும். ஓமன் விசாவை முன்பே எடுத்துவிடுங்கள். பஸ்ஸில் வலப்பக்கம் உட்காராதீர்கள், காலை வெயில் நேரே முகத்தில். டாக்ஸிக் கட்டணத்தை ஏறுமுன் பேசுங்கள். தோழியைப் பார்க்கப் போகிறவர்கள் ஞாயிறன்று போய்ச் சேர்ந்து வியாழனுக்குள் திரும்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை அவள் உங்களுக்குக் கிடைக்கமாட்டாள்.