முருகன் பக்கம் சாய்ந்த தண்ணீர்ச் செடி

மருமகள் தர்ஷினி வாங்கிவந்த பொட்டலத்தைப் பிரித்ததும் அந்த மணம் வந்துவிட்டது. ஈரக் கடதாசி, சேறு, கொஞ்சம் மீன். வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில் இருந்துகொண்டு சேற்று மணம் பிடிப்பது லேசில் கிடைக்கிற பாக்கியமா? உள்ளே இருந்தவை மீன்தொட்டியில் நடுகிற உயிர்ச் செடிகள். தொட்டி சின்னது, இரண்டு வாளித் தண்ணீர் கொள்ளும். அதற்கு மேலே பூட்ட இரண்டு லைட் கொண்டுவந்திருந்தாள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாமாம். ஒன்று, போனை அமத்தினால் சிவப்பு, நீலம், ஊதா என்று நிறம் மாறும். மற்றது வெறும் வெள்ளை.

"மாமி, எது நல்லம்? செடி சாகக் கூடாது."

இந்த வீட்டில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் கறிக்கு உப்புக் காணுமா, இன்னும் போடவா என்றுதான். லைட்டைப் பற்றிக் கேட்டதும் வெட்கமாகப் போய்விட்டது. சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி வெள்ளையைக் காட்டினேன். ஏன் என்று கேட்டாள். அதைச் சொல்வதென்றால் நான் மருமகளாகப் போன கொட்டாஞ்சேனைக்குப் போகவேண்டும், அதற்கும் முதல் ஹெந்தளைக்கு. நான் வாய் திறப்பதற்குள் அவளுக்குப் போன் வந்துவிட்டது. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன் ஹெந்தளையில் ஒரு செடித் தோட்டத்தில் வேலை செய்தேன். தோட்டம் என்றால் வாழை, மரவள்ளி இல்லை. வரிசையாகச் சீமெந்துத் தொட்டிகள், அவற்றுக்குள் தண்ணீர்ச் செடிகள், மேலே நிழலுக்குக் கறுப்பு வலை. நாங்கள் பெண்கள் தொட்டியோரம் குந்தியிருந்து நத்தை பொறுக்குவோம். செடிகளைக் கட்டாகக் கட்டி ஈரக் கடதாசியில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவோம். பெட்டி பிளேனில் வெளிநாட்டுக்குப் போகும். நான் இன்றுவரை பிளேன் ஏறவில்லை. வலை கிழிந்த இடத்தில் செடி குட்டையாக, அடர்த்தியாக நிற்கும். மாமர நிழலில் இருந்தது வெளிச்சம் தேடி நெட்டையாக ஓடும், மீசை முளைக்கிற வயதுப் பையன்கள் மாதிரி.

வேலையை விட்ட நாளில் கூட வேலை செய்தவர்கள் ஒரு கண்ணாடித் தொட்டியும் ஒரு கட்டுச் செடியும் நாலு சின்ன மீனும் தந்தார்கள். கல்யாணப் பரிசு. புகுந்த வீட்டுக்கு நான் கொண்டுபோன நகை மாமியின் அலுமாரிக்குள் போனது, சேலைகள் பெட்டிக்குள் போயின. என்னுடையது என்று கண்முன்னே இருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான்.

கொட்டாஞ்சேனை வீடு ஒழுங்கைக்குள்ளே, ஒடுங்கிய சந்து. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், பகலிலும் இருட்டு. ஹோல் மூலையில் வைத்த தொட்டியில் இலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடி போலாகி உதிரத் தொடங்கின. உதிர்ந்ததை ஒவ்வொரு நாளும் பொறுக்கி எடுத்தேன். ஆனால் லைட் கேட்க வாய் வரவில்லை. வந்ததும் வராததுமாகப் புது மருமகள் புல்லுக்கு லைட் கேட்டாள் என்று ஒழுங்கை சிரிக்குமே.

அந்த வீட்டில் இரவு பகலாக எரிந்த வெளிச்சம் ஒன்றே ஒன்று. முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாமி நேர்த்தி வைத்து எரியவிட்ட நாற்பது வாட்ஸ் பல்ப். அதை அணைக்கக் கூடாது. அது எரிந்து போனால், புதிது மாட்டும்வரை யாருக்கும் சாப்பாடு இல்லை. ஒருநாள் தூசு தட்டுகிற சாட்டில் தொட்டியை மெல்ல நகர்த்தி, முருகன் படம் இருந்த சாமித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். சாமிக்கும் குளிர்ச்சிதானே என்று மாமி விட்டுவிட்டார்.

ஒரு கிழமைக்குள் செடிகள் எல்லாம் முருகன் பக்கமாகச் சாய்ந்து நின்றன. மாமிதான் முதலில் கண்டார்.

"இஞ்ச வந்து பாருங்கோ, வாயில்லாத புல்லு முருகனைக் கும்பிடுது."

இவர், அதாவது என் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஓம் அம்மா, நாளைக்குத் தேவாரமும் பாடும்."

ஒழுங்கை முழுக்கப் பார்க்க வந்தது. கதவு தட்டுகிற பழக்கமெல்லாம் அப்போது கிடையாது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தது நான். தட்டோடு நிற்கும்போது, அது பல்ப்பைப் பார்த்துத்தான் சாய்கிறது என்று நாக்கு நுனிவரை வரும். மாமியின் பூரித்த முகத்தைக் கண்டதும் விழுங்கிவிடுவேன். செடியோ நூலாக மெலிந்துகொண்டு போனது. ராவும் பகலும் பல்ப் எரிந்ததில் அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் பாசி வேறு.

பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவர். அவரும் ஒரு தண்டைக் கேட்டு வாங்கி, ஜாம் போத்தலில் தண்ணீர் விட்டு, வீட்டில் அந்தோனியார் சுரூபத்தருகே வைத்தார். அங்கே எரிந்தது நீல பல்ப். கொஞ்ச நாளில் போத்தலும் கையுமாக வந்து நின்றார்.

"அக்கா, உங்கட புல்லு எங்கட வேதத்துக்கு வந்திட்டுது. பாருங்கோ, அந்தோனியாரிட்டச் சாயுது."

மாமியின் முகம் கறுத்தது. "உன்ர வீட்டில இருக்கேக்க உனக்கு நடிக்குது. இஞ்ச தா, திருப்பிச் சாயுதோ பாப்பம்."

போத்தல் எங்கள் வீட்டுக்கு வந்தது. தண்டு இங்கே சாய்ந்தது. பிறகு அங்கே போனது, அங்கே சாய்ந்தது. சமயம் மாறி மாறி அது பாம்புபோல் நெளிந்துவிட்டது, நுனியில் நாலு இலை மிச்சம். பிலோமினா அக்கா திரும்பவும் போத்தலைத் தூக்க வந்த அன்று, தேத்தண்ணீர்த் தட்டைப் பிடித்தபடியே சொல்லிவிட்டேன்.

"மாமி, அது ஆரையும் கும்பிடேல்லை. வெளிச்சம் காணாமல் பல்ப்பைத் தேடிச் சாயுது. பசி. இப்பிடியே விட்டால் செத்துப்போம்."

அந்த வீட்டில் நான் அவ்வளவு நீளமாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை. இவர் பேப்பரை மடித்தார். மாமி செடியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"அப்ப நாங்கள் மட்டும் என்னத்துக்குச் சாயிறம்?" என்றார். பிறகு மகனிடம் திரும்பி, "என்ன பாத்துக்கொண்டிருக்கிறாய் தம்பி, அந்தப் புல்லுக்கு ஒரு லைட் வாங்கிக்கொண்டு வா."

இவர் புறக்கோட்டைக்குப் போய் ரோஸ் நிற ட்யூப் ஒன்றோடு வந்தார். கடைக்கார மல்லி, சிங்களத் தம்பி, அதில் மீன் வடிவாகத் தெரியும் என்றானாம். மீன் வடிவாகத்தான் தெரிந்தது. மாமிக்குப் பிடிக்கவில்லை.

"சாமித் தட்டை இறைச்சிக்கடை மாதிரி ஆக்கிப்போட்டாய்."

எனக்கோ அது செடிக்குக் காணாத மங்கலாகப் பட்டது. இவர் அதை வெள்ளையாக மாற்றிக்கொண்டு வந்தார். முகட்டில் கட்டப் போனவரிடம், "இன்னும் கீழ, தொட்டிக்குக் கிட்ட" என்றேன். மாமி அதையும் விடிய விடிய எரியவிடப் பார்த்தார். "அதுக்கும் நித்திரை வேணும் மாமி" என்றேன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு வாய் வந்ததோ.

செடிகள் மெல்ல மெல்ல நிமிர்ந்தன, அடியில் புதுத் தளிர் விட்டன. பிலோமினா அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சும்மா போகவில்லை.

"என்னக்கா, புல்லு முருகனை மறந்திட்டுது போல."

"மறக்கேல்லைப் பிள்ளை, வயிறு நிறைஞ்சிட்டுது" என்றார் மாமி.

அந்த ஒழுங்கையில் இப்போது அடுக்குமாடி. ஹெந்தளையில் எங்கள் தொட்டிகளை மண் போட்டு மூடி வீடு கட்டிவிட்டார்கள். பிலோமினா அக்கா பிள்ளைகளோடு இத்தாலிக்குப் போய் அங்கேயே கண்ணை மூடினார். மாமி அதற்கும் முதலே போய்விட்டார்.

அந்த லைட் பூட்டிய நாளிலிருந்து மாமியிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஹோல் நிறைய ஆட்கள் இருந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள். என் உதடு கொஞ்சம் அசைந்தால் போதும், கையை உயர்த்திவிடுவார். "கொஞ்சம் சத்தம் போடாதேங்கோ, அவள் என்னவோ சொல்லப் போறாள்." பாதி நேரம் நான் கொட்டாவி விடத்தான் வாய் திறந்திருப்பேன். அதற்கும் முழு ஹோலும் காத்திருக்கும்.

இப்போது நான் கொட்டாவி விட்டால் வெறும் கொட்டாவிதான்.