ஒலிவ எண்ணெய்ப் புட்டி

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் வீடு. அப்பா ஒரு மில்லில் ஃபிட்டர். அங்கே இயந்திரம் பூட்ட வந்த அமெரிக்கர் ஒருவர் ஊர் திரும்பும்போது, தம்முடைய மார்மன் சபையின் வேதப் புத்தகத்தையும், நோயாளிகளின் நெற்றியில் பூசுவதற்காக ஜெபித்துப் பிரதிஷ்டை செய்த ஒலிவ எண்ணெய்ப் புட்டி ஒன்றையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒருநாள் தம் சபை மூப்பர்கள் இங்கே வருவார்கள் என்றாராம். யாரும் வரவில்லை.

அந்த வேதம் முதலில் தங்கத் தகடுகளில் இருந்தது, தேவதூதன் அவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டான் என்று அப்பா எங்கள் சர்ச்சில் யாரிடமோ சொல்லிவிட்டார். அன்றோடு நிம்மதி போயிற்று.

"என்ன ஸ்வாமி, தூதன் தகட்டைத் திருப்பிக் குடுத்தானா? ஒரு துண்டு கொண்டாங்க, ஆசாரிகிட்ட உரசிப் பாத்துடலாம்!"

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் இப்படிச் சிரிப்பார்கள். அப்பா செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வார். பிறகு போதகர் அவருக்கு நற்கருணையை நிறுத்தினார். அம்மா மட்டும் போய் வாங்கி வந்தாள்.

அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு டைபாய்டு கண்டது.

"அந்த எண்ணெயை என் நெத்தியில வைங்களேன்."

"எனக்கு அதிகாரம் இல்லம்மா. அந்தச் சபை மூப்பர்தான் வைக்கணும்."

"எனக்கு உங்க கை போதுங்க."

அப்பா புட்டியை எடுத்தார். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். மறுபடி அலமாரியில் வைத்துவிட்டார். அந்தச் சபையில் அவர் ஞானஸ்நானம்கூடப் பெறாதவர்; கொடுக்க இங்கே ஆள் இல்லை.

"அப்போ பையன் பக்கத்துலயாவது என்னை வெச்சிடுங்க" என்றாள் அம்மா. கைக்குழந்தையாகவே இறந்த என் தம்பி சர்ச் கல்லறைத் தோட்டத்தில் இருந்தான்.

அவள் போன அன்று போதகர் வாசலிலேயே நின்றார்.

"புத்தகத்தை என்கிட்ட குடுத்துடு, தம்பி. எண்ணெயை எல்லாரும் பாக்கக் கொட்டு. இல்லேன்னா பெட்டி தோட்டத்துக்குள்ள வராது."

"அவ உங்க கையாலதானே ஐயா நற்கருணை வாங்கினா?"

"அதனாலதான் இவ்வளவு பொறுமையா பேசறேன்."

தோட்டத்தின் கேட்டருகே பெட்டியை இறக்கி வைத்தார்கள். அப்பா புத்தகத்தைக் கொடுத்தார். புட்டியைத் திறந்து கவிழ்த்தார். மழைத் தண்ணீர் தேங்கிய மண்ணில் எண்ணெய் இறங்காமல் மேலேயே மிதந்தது. வழக்கமாகச் சிரிப்பவர்கள்கூடச் சிரிக்கவில்லை. சபைப் பெரியவர் ஒருவர் "ஆயித்து, எடுங்க" என்றார். பெட்டி உள்ளே போயிற்று.

மூடுவதற்கு முன் எல்லோரும் அம்மாவின் நெற்றியைத் தொட்டார்கள். கடைசியாக அப்பா வந்தார். விரல்களில் எண்ணெய் இன்னும் மினுமினுத்தது. கையை வேட்டியில் அழுத்தித் துடைத்தார். முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு முறை துடைத்தார். அதன்பிறகுதான் தொட்டார்.