காதைத் திறந்து ஓடிய மூன்று கிலோமீட்டர்

போன வருடம், என் மகளுக்கு ஒன்றரை வயது ஆகியிருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காலாங் ஆற்றோரத்தில் நடந்தது இது. பத்துக் கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம். பந்தயம் என்றதும் நான் ஏதோ பதக்கம் வாங்கப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். முடித்துவிட்டு நல்லபடியாக வீடு திரும்பினால் போதும் என்கிற ரகம் நான்.

பிள்ளை பிறந்த பிறகுதான் ஓடவே ஆரம்பித்தேன். அந்த மாதங்களில் எனக்குக் கவலைப்படுவதே முழுநேர வேலையாக இருந்தது. குழந்தை தூங்கினால் மூச்சு சீராக வருகிறதா என்று குனிந்து பார்ப்பேன். அழுதால் ஏன் அழுகிறாள் என்று கவலை, அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று கவலை. மேசை முனை, கதவிடுக்கு, ஈரத் தரை, எல்லாமே என் கண்ணுக்கு ஆபத்தாகத்தான் தெரியும். என் கணவருக்கு ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. “வேலையில ஒரு சேஃப்டி ஆபீசர், வீட்டுல ஒரு சேஃப்டி ஆபீசர். எனக்கு எங்கேயுமே நிம்மதி கிடையாது லா” என்று கிண்டல் செய்வார்.

கொஞ்சம் வெளியே போய் ஓடிப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்னதால், ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி ஓடத் தொடங்கினேன். ஆனால் கவலையும் கூடவே ஓடி வந்தது. அதற்குத்தான் ஹெட்ஃபோன். காதை முழுதாக மூடிக்கொள்ளும் பெரிய ஹெட்ஃபோன். நல்ல தாள அடியுள்ள பாட்டாகப் பார்த்துச் சத்தமாக வைத்துக்கொண்டால் மண்டைக்குள் பேசுகிற குரல் கேட்காது. அதில் இன்னொரு ஆறுதலும் இருந்தது. வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் பாட்டு நின்று, காதுக்குள்ளேயே மணி அடிக்கும். உலகத்தில் வேறு எந்தச் சத்தமும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பந்தயத்துக்கு முந்தைய மாலை பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. போகவா வேண்டாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டு கணவரைப் படுத்திவிட்டேன்.

“பல்லு முளைக்குதுன்னு டாக்டரே சொன்னாங்கல்ல. நீ போயிட்டு வா. நான் அவளுக்கு அப்பா, பேபிசிட்டர் இல்ல.”

அப்படியும் அரை மனதோடுதான் போனேன். தொடங்குமிடத்தில், பாட்டுக் கேட்பவர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஒரு காதையாவது திறந்து வையுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இரண்டு காதையும் மூடிக்கொண்டேன்.

ஏழு கிலோமீட்டர் வரை நன்றாகவே போனது. ஆற்றோரப் பாதை ஓரிடத்தில் குறுகலாகும். இடது பக்கம் தண்ணீர் மேசை தெரிந்தது. தாகம். பின்னால் பார்க்காமல் சட்டென்று இடது பக்கம் திரும்பினேன். தோளில் யாரோ உரசிய மாதிரி இருந்தது. திரும்பினால், ஒரு சீனப் பெண் புல்தரையில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையில் ‘வழிகாட்டி’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பக்கத்தில், என்னைவிடச் சில வயது இளைய பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அவள் கையில் ஒரு சின்னக் கயிற்று வளையம். அதன் மறுமுனையை யாரும் பிடித்திருக்கவில்லை. அவள் முகம் எங்களில் யாரையும் பார்க்காமல் ஆற்றுப் பக்கம் திரும்பியிருந்தது. அப்போதுதான் புரிந்தது, அவளுக்குக் கண் தெரியாது.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். ஒரே நொடியில் எல்லாச் சத்தமும் உள்ளே வந்தது. காலடிகள், மூச்சு வாங்கும் ஒலி, தண்ணீர்க் கோப்பைகள் நசுங்குவது.

“ஐயோ, சாரி, சாரி” என்றேன்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். “ஐயோவா? அப்ப தமிழ் ஆளு. நல்லதாப் போச்சு, திட்டினா புரியும்” என்றாள். ஆனால் திட்டவில்லை.

புல்தரையில் இருந்தவர் அவளுடைய அலுவலகத் தோழி. இடது பக்கம் வருகிறோம் என்று பல முறை குரல் கொடுத்தாராம். நான் திரும்பியதும் இவளைப் பக்கவாட்டில் இழுத்திருக்கிறார், அதில் கால் பிடித்துக்கொண்டது. காலையிலிருந்தே அந்தக் கால் சரியில்லை, உங்களால் இல்லை என்று என்னிடம் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மையா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சைக்கிளில் வந்த தொண்டூழியர் ஒருவர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, இனி ஓட முடியாது என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். “போன வருஷம் பாதியில மழை வந்து எல்லாரையும் நிறுத்திட்டாங்க. இந்த வருஷம் இது. எனக்கும் அந்த ஃபினிஷ் லைனுக்கும் ராசியே இல்ல லா.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

“நான் கூட ஓடி வரட்டுமா?” என்று என் வாய் கேட்டுவிட்டது. கேட்ட மறுகணமே பயம். என் பிள்ளையைப் படியில் கூட்டிப் போகவே நடுங்குகிறவள் நான்.

தொண்டூழியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தோழியைப் பார்த்தார். பிறகு, “கேன். ஸ்லோலி லா” என்று சம்மதித்தார். தோழி எனக்குப் பாடம் எடுத்தார்: கயிற்றை இழுக்கக் கூடாது, தோளோடு தோளாக ஓட வேண்டும், வாயை மூடவே கூடாது.

ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டியிருந்தேன். ஓடும்போது அது கயிற்றில் சிக்கும் என்று தோன்றியது. மடித்து, கைப்பேசி இருந்த இடுப்புப் பைக்குள் திணித்தேன். வீட்டிலிருந்து அழைத்தால் இனி எனக்குக் கேட்காது என்று தெரிந்தேதான் ஜிப்பை இழுத்தேன்.

முதல் நூறு அடிக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. எதிரே ஒரு சின்ன மேடு. “ஜாக்கிரதை, ஜாக்கிரதை” என்று கத்தினேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா, ஜாக்கிரதைன்னு சொன்னா நான் என்ன பண்றது? நின்னுடத்தான் தோணுது. என்ன இருக்கு, எங்க இருக்கு, அத மட்டும் சொல்லுங்க. மிச்சத்த என் கால் பாத்துக்கும்.”

வீட்டில் நாள் முழுக்க நான் சொல்கிற ஒரே சொல் அதுதான். அதைவிட்டால் வேறு எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

“ரெண்டு அடியில சின்ன மேடு” என்றேன். தாண்டினாள். “வலது பக்கம் ஈர இலை. இப்ப பாதை லேசா இறங்குது. முன்னாடி ஒருத்தர் நடக்கறாரு, நாம இடது பக்கம் போறோம். புறா. பறந்துடுச்சு. கேபிள் மேல ரப்பர் விரிப்பு, காலைத் தூக்கி வைங்க.” சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மற்றவர் கண்ணில் படாத எல்லாம் என் கண்ணில் பட்டது. எங்கே வழுக்கும், எங்கே இடறும், யார் திடீரென்று திரும்புவார் என்று தேடிப் பிடிப்பதில்தான் எனக்கு ஒன்றரை வருடப் பயிற்சி இருந்ததே.

முன்னால் போன ஒரு பையன் காதில் ஹெட்ஃபோனோடு வழியை அடைத்துக்கொண்டு ஓடினான். குரல் கொடுத்தேன். கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு போனோம்.

“இவங்கதான் எனக்கு ரொம்பக் கஷ்டம்க்கா” என்றாள் அவள். “தப்பு சொல்லல. நானும் ஜிம்ல பாட்டுப் போட்டுத்தான் ஓடுவேன். இங்க முடியாது. இங்க என் ரோடே காதுலதான் இருக்கு.”

“நீங்க என்ன பாட்டுக் கேட்டீங்க?” என்று கேட்டாள். சொன்னேன். சரியான குத்துப் பாட்டு. “அதுக்குத்தான் அந்த இடி” என்று சிரித்தாள்.

பாலத்தில் ஏறி இறங்கும்போது என் இடுப்பில் அதிர்ந்தது. எனக்கு முன்பே அவளுக்குக் கேட்டுவிட்டது.

“உங்க ஃபோன் அடிக்குது.”

“வீட்டுலேருந்துதான் இருக்கும். பாப்பாவுக்கு நேத்து லேசா காய்ச்சல்.”

“அப்ப எடுங்கக்கா. நிக்கலாம். எனக்கு ஒண்ணும் இல்ல.”

அது சரிவு. பின்னால் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். ஒரு கையில் கயிறு. அதிர்வு நின்றது. மறுபடி தொடங்கியது. அப்பா, பேபிசிட்டர் இல்லை என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவசரம் என்றால் அவர் என்னைக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். “வேணாம், ஓடலாம்” என்றேன். அது சரியான முடிவா என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். அந்த நேரத்தில், “இன்னும் சரிவுதான், வலது பக்கம் கம்பி” என்பதுதான் அடுத்து என் வாயில் வந்தது.

கடைசித் திருப்பத்தில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள், “எத்தனையோ பேரோட ஓடியிருக்கேன். இவ்வளவு நல்லா பயப்படத் தெரிஞ்ச ஆள நான் பாத்ததே இல்லக்கா.”

யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

“கோடு எங்க?” என்று கேட்டாள்.

“பத்து அடி. அஞ்சு. இதோ.”

இரண்டு காலையும் சேர்த்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் குதித்தாள். அங்கேயே நின்று பாதத்தால் தரையைத் தடவிப் பார்த்தாள். கயிற்றை மட்டும் விடவில்லை.

பதக்கத்தைக்கூட வாங்காமல் கைப்பேசியை எடுத்தேன். இரண்டு அழைப்புகள். உடனே கணவரை அழைத்தேன்.

“பாப்பாவோட மஞ்சள் கப் எங்க வச்சேன்னு கேக்கத்தான் அடிச்சேன்” என்றார் சாவகாசமாக. “நீ எடுக்கல. நானே தேடி எடுத்துட்டேன். பால் குடிச்சுட்டா, சூடும் இல்ல. நீ முடிச்சுட்டியா?”

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் நின்ற அவள், “என்னக்கா, நல்ல சேதிதானே?” என்றாள். ஆமாம் என்றேன். தோழியும் காலில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மூவரும் ஒரே வாழைப்பழத்தைப் பிய்த்துத் தின்றோம்.

பாட்டை நான் விட்டுவிடவில்லை. அந்த இருண்ட மாதங்களில் என்னை வெளியே இழுத்து வந்தது அதுதான், நன்றி மறக்கக் கூடாது. வீட்டில் துணி மடிக்கும்போது கேட்கிறேன். பந்தயங்களில் காதைத் திறந்து வைத்துத்தான் ஓடுகிறேன், பெரும்பாலும் அவளோடு.

இந்த வருடம் தீபாவளிக்கு முன்பு நானும் அவளும் தேக்கா கடைத்தெருவில் சந்தித்தோம். சிராங்கூன் சாலையில், கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. என் ஒரு கையைப் பிடித்தபடி மகள், இன்னொரு முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவள். “பூக்கடை வாளி, இடது பக்கம்” என்று சொல்லிக்கொண்டே போனேன். அடுத்து வந்த படியை நான் சொல்வதற்குள் என் மகள் அண்ணாந்து அவளைப் பார்த்து, “படி” என்றாள். முழங்கையைப் பிடித்திருந்தவள் காலைத் தூக்கி வைத்து ஏறினாள், என் மகளும் என் கையை விட்டுவிட்டுத் தானே ஏறினாள். “ஜாக்கிரதை” என்ற சொல் என் தொண்டை வரை வந்து அங்கேயே நின்றது.

என் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதனால் யாரையும் நிறுத்தாமல் கூடவே ஓடி வரவும் முடியும் என்பதை அந்த மூன்று கிலோமீட்டரில்தான் தெரிந்துகொண்டேன்.