கழுவாத அண்டா

ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு, ராஜபாளையம் வண்டிக்காக பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். பல வருஷம் எங்கள் பக்கத்து டவுன் பஸ்ஸில் இருந்த கண்டக்டர் என்னைக் கண்டதும் கிட்டே வந்தார். "அண்டாக்காரம்மா காலையில போயிட்டாவளாம். தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. ஊர் வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

மில்லில் நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் வேலை பார்த்த உங்களுக்கு ஜெபமணி யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அண்டா கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் தப்புத் தப்பாகச் சொல்கிறீர்கள். அதில் என் லட்சணமும் இருக்கிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் முப்பது பெண்கள் வேன் பிடித்து அய்யனார் கோவில் ஆற்றுக்குப் போவோம். மைக் செட்டும் பிரியாணி அண்டாவும் கூட வரும். சாயங்காலம் சோப்புத்தூளைக் கொட்டி அண்டாவை ஆற்றிலேயே தேய்ப்போம். ஒரு வருஷம் அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஜெபமணி சட்டென்று கையை எடுத்துவிட்டாள். எண்ணெயும் நுரையும் கீழே போவதையே பார்த்தாள்.

"ஏட்டி, இந்தத் தண்ணி எங்க போகுது?" என்றாள்.

எல்லோருக்கும் தெரியும். கீழே தேங்கி, எங்கள் ஊர்க் குழாய்க்குத்தான் வருகிறது. அதற்காகத்தான் நாங்கள் குடத்தோடு குழாயடியில் அடித்துக்கொள்வோம். "இம்புட்டு நாளும் நம்ம அழுக்க நாமளே குடிச்சிருக்கோம்" என்றாள்.

அடுத்த வருஷம் பொங்கலுக்கு முன்பே அவள் சட்டம் போட்டாள். வேன் வேண்டாம், டவுன் பஸ் போதும். காட்டுக்குள் மைக் செட் எதற்கு? சமையல் வீட்டிலேயே முடியட்டும். கொண்டுபோனதெல்லாம் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், கழுவாத அண்டாவும் சேர்த்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு நாள் பஞ்சுத் தூசி தின்கிறவளுக்கு ஏழாம் நாள் சந்தோஷத்திலும் சட்டமா? "நீ போடி ஒன் பஸ்ஸுல. நாங்க வேன்லதான் போவோம்" என்றேன். அவளோடு ஆறு பேர்தான் நின்றார்கள். மீதி எல்லோரும் என் பக்கம். அடுத்தடுத்த மெஷினில் நின்றுகொண்டு, முகம் பார்க்காமல் வேலை செய்தோம். அந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்களும் வந்தார்கள், நாங்களும் போனோம். சாயங்காலம் நான் வேண்டுமென்றே எங்கள் அண்டாவை எடுத்துக்கொண்டு, சோப்புத்தூளோடு ஆற்றில் இறங்கினேன். ஜெபமணி கையில் எவர்சில்வர் டம்ளரோடு வந்தாள். என்னைத் தாண்டிப் பத்தடி கீழே போய் நின்றாள்.

"நீ கழுவு முத்துலட்சுமி. நான் குடிக்கேன்."

மிரட்டுகிறாள் என்று நினைத்தேன். வீம்புக்குத் தேய்த்தேன். நுரை அவளிடம் போனது. அவள் டம்ளரை முக்கி எடுத்து வாயில் வைத்தாள். நான் ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள் ஒரு மடக்கு இறங்கிவிட்டது.

"கிறுக்காடி ஒனக்கு?" என்று கத்தினேன்.

அவள் இருமிக்கொண்டே சொன்னாள்: "தெரியாமக் குடிச்சப்போ நல்லாத்தானே இருந்தேன். தெரிஞ்சு குடிச்சாத்தான் கிறுக்கா?"

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அன்றைக்கு வேனை அனுப்பிவிட்டு, பாதி தேய்த்த அண்டாவோடு அவள் பஸ்ஸில் ஏறினேன். இரண்டு அண்டாக்களைப் பார்த்த கண்டக்டர், "கழுவிட்டு ஏத்தக் கூடாதாம்மா? பஸ்ஸெல்லாம் வாடை" என்றார். ஜெபமணி விடுவாளா? "நீங்க குடிக்கிற தண்ணியிலதாண்ணே கழுவணும். செத்த நேரம் நிப்பாட்டுங்க, கழுவிட்டு வாரேன்" என்றாள். அவர் விசில் அடித்தார். அவளுக்கு அண்டாக்காரம்மா என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

அதன் பிறகு அவள் ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. ஆற்றில் பாத்திரம் கழுவுகிற வெளியாட்களை அவள் திட்டியதும் இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீங்க எந்தத் தெரு? தண்ணி எங்க புடிக்கிய?" என்று கேட்பாள். அதற்குப் பிறகு சிலர் கையை எடுத்துவிடுவார்கள், சிலர் முறைப்பார்கள். ஒரு வருஷம் எங்களோடு சேர்த்து நான்கு பேர்தான் வந்தோம். நான் சோர்ந்துபோனேன். "நாலு பேருன்னா சின்ன அண்டா. அம்புட்டுத்தான்" என்றாள்.

துக்க வீட்டில் அவள் மகன் பெரிய அண்டாவை என்னிடம் கொடுத்துவிட்டான். அந்த டம்ளர் அன்றைக்கு நான் பிடுங்கியதிலிருந்து என்னிடம்தான் இருக்கிறது. அவள் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. வீட்டில் அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் டவுன் பஸ்ஸில் போகிறோம். எத்தனை பேர் வந்தாலும் சரி. வேனில் வருகிறவர்களும் வாருங்கள். ஆனால் சோப்புத்தூளோடு ஆற்றில் இறங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்தடி கீழே டம்ளரோடு நான் நிற்பேன்.