விரல் போகக்கூடாத இடங்களும் ஓர் ஆஸ்பத்திரி இடுக்கியும்

ரிமோட்டில் திறக்கிற ஆட்டோகேட்டைப் பழுது பார்க்கிறவனை யாரும் வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை. அவன் பயப்பட வேண்டியதெல்லாம் வாசலிலேயே இருக்கிறது. திருகாணி கைதவறி, விரல் நுழையாத சந்தில் போய் உட்கார்ந்துகொள்ள, அதையே வெறித்துப் பார்த்தபடி நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஃபேனோ தையல் மிஷினோ, எதைக் கழற்றினாலும் நாம் ஒரே கூட்டம்தான். மலேசியாவில், ஈப்போவைச் சுற்றி ஒன்பது வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. நான் தைரியசாலி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நகம் போன கதை

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு வீட்டில் கேட் மோட்டாரின் பல்சக்கரத்துக்கு இடையில் திருகாணி விழுந்துவிட்டது. ஆள்காட்டி விரலை விட்டு நெம்பிக்கொண்டிருந்தேன். கரண்டை நிறுத்தாதது என் தப்பு. வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, சரியாகிவிட்டதா என்று பார்க்க ரிமோட்டை அழுத்திவிட்டார். சக்கரம் அரைச் சுற்றுதான் சுற்றியது. எலும்பு தப்பியது, நகம் தப்பவில்லை.

கிளினிக்கில் நர்ஸ் அக்கா கத்தரிக்கோல் மாதிரி ஒன்றை எடுத்து, சதைக்குள் ஏறியிருந்த இரும்புச் சிம்பைக் கவ்வி இழுத்தார். அதற்கு மூக்கு மெலிந்து நீண்டிருந்தது. பிடியில் சின்னச் சின்னப் பற்கள். 'க்ளிக்' என்று பூட்டிக்கொண்டால் கையை எடுத்தாலும் விடுவதில்லை. அந்த வலியிலும் எனக்குத் திருகாணிதான் ஞாபகம் வந்தது. அது என்ன என்று கேட்டேன். ஆர்ட்டரி இடுக்கி, ஆபரேஷனில் ரத்தக் குழாயைப் பிடித்து ரத்தத்தை நிறுத்துவது, மருத்துவச் சாமான் கடையில் கிடைக்கும் என்றார். கட்டுப் போட்டு முடித்துவிட்டு இதையும் சொன்னார்: "வாங்குங்கண்ணே. ஆனா அதையும் வெரலையும் ஒன்னா உள்ள விட்றாதீங்க."

நீல வெளிச்சம்

நேரானது ஒன்று, மூக்கு வளைந்தது ஒன்று என்று இரண்டு வாங்கினேன். ஒயரை இழுக்க, கழன்ற ஸ்பிரிங்கை மாட்ட, விழுந்த நட்டைப் பொறுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. ஒருநாள் பேட்டரியைக் கழற்றாமலே வளைந்த இடுக்கியை மோட்டார் பெட்டிக்குள் விட்டேன். பேட்டரியின் இரண்டு முனைகளையும் அது ஒரே நேரத்தில் தொட, படீரென்று நீல வெளிச்சம். மல்லாந்து விழுந்து, காது இரைய, பத்து விரலும் இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவையும் எண்ணினேன். கூட வேலை செய்யும் குமரன் ஓடி வந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தான். குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "மச்சான், அது ரத்தத்த நிறுத்துற சாமான்லா. கரண்ட நிறுத்தாது."

கறுப்பு ஒயர்

குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலையை ஒட்டிய வரிசை வீடு. கேட் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்று ஒரு சீன அம்மா கூப்பிட்டிருந்தார். மோட்டார் பெட்டியைத் திறந்தேன். தூசிக்குள் கறுப்பு ஒயர் ஒன்றின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. இந்த மோட்டாரில் கறுப்பு ஒயரே கிடையாதே என்று எனக்கு உறைப்பதற்குள், இடுக்கி அதைக் கவ்விப் பூட்டிவிட்டது. ஒயர் சுருண்டது.

நான் கத்தினேனா என்று தெரியாது. அந்த அம்மா "ஊலார்! ஊலார்!" என்று மலாயில் அலறியது மட்டும் காதில் விழுந்தது. ஒன்றரை முழப் பாம்பு, வாலில் என் இடுக்கியோடு, சிமெண்டுத் தரையில் கிணிகிணியென்று இழுத்துக்கொண்டே சப்பாத்து அலமாரிக்கு அடியில் போய்ப் புகுந்தது. அது கடித்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு என் வேனின் கூரைமேல் ஏறி உட்கார்ந்தேன். பொம்பா வண்டி வரும்வரை இறங்கவில்லை.

தீயணைப்பு வண்டியில் வந்தவர்களில் ஒருவர் நம்ம ஆள். பாம்பைப் பிடித்து, வாலிலிருந்த பூட்டை விடுவித்து, அதைச் சாக்கில் போட்டுக் கட்டினார். இடுக்கியை என்னை நோக்கி நீட்டினார். கை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் சிரிக்காமல் சொன்னார்: "பாம்பு எங்களுது அண்ணே. சாமான் ஒங்களுது."

கேட்டுக்கு உள்ளே கார்

சுங்கை சிப்புட்டில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் எழும்பிய குடியிருப்பு. ஒரு வீட்டில் வேலையை முடித்துச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மழையில் கரண்ட் போயிருந்தது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்து வம்சம், எல்லாருக்கும் அவர் மாஸ்டர். அவருடைய மனைவி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, கெதியா வாரும்! இவருக்கு நெஞ்சு நோகுது!" என்று கத்தினார்.

நடுச்சுவர் ஏறிக் குதித்தேன். காரில் மாஸ்டர் சாம்பல் பூத்த முகத்தோடு வியர்த்துக் கிடந்தார். பேட்டரி இல்லாத அந்தக் கேட்டைக் கையால் தள்ளுவதற்கு மோட்டாரைச் சாவி போட்டு விடுவிக்க வேண்டும். பதற்றத்தில் அந்த அம்மா திருப்பியதில் சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்திருந்தது. நேரான இடுக்கியை உள்ளே விட்டேன். கை நடுங்கியது. துண்டு இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டது. இந்த மனிதர் என் கையால் சாகப்போகிறார் என்றே நினைத்தேன்.

மாஸ்டர் கார் கண்ணாடியை இறக்கி, "அவசரப்படாதையும்" என்றார். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மறுபடி விட்டேன். பித்தளை தட்டுப்பட்டது. க்ளிக். வெளியே இழுக்கவில்லை, பூட்டிய இடுக்கியையே சாவியாக வைத்துத் திருப்பினேன். பூட்டு திறந்தது. தோளால் கேட்டைத் தள்ளினேன். அந்த அம்மா காரை எடுத்துக்கொண்டு பறந்தார். நான் கால்வாய் ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

ஒரு வாரத்துக்கு மேல், என்ன ஆயிற்று என்று விசாரிக்கவே பயம். கடைசியில் மாஸ்டரே போன் செய்து, கேட் விஷயமாக வரச் சொன்னார். புதுப் பூட்டோடு போனேன். மெலிந்துபோய், போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பூட்டை எடுத்துக் காட்டினேன். அதைத் தொடக்கூட இல்லை. "பூட்டு வேண்டாம் தம்பி. கேட்டையே கழட்டிக்கொண்டு போம்."

கை நடுங்காமல் வேலை செய்கிற நாள் ஒன்று வந்தால், அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன்.