உழுந்து கடித்துப் பார்த்த அக்கா

பாடத்தில் ஒன்றோடொன்று மோதும் மூன்று கோட்பாடுகளும் ஒரே ஆளுக்குள் குடியிருக்கலாம் என்ற எண்ணம், நெடுங்கேணியிலிருந்து வவுனியா போகும் காலை பஸ்ஸில்தான் எனக்கு வந்தது. வெளியே காடும் வயலும் பனியில் கரைந்து, பஸ் மிதப்பது போலிருந்தது. பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஓர் அக்காவின் மடியில் ஒரு பை உழுந்து. இடைக்கிடை ஒரு மணியை எடுத்து, காய்ந்துவிட்டதா என்று முன்பல்லால் கடித்துப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார்.

"என்ன தங்கச்சி, சோதினையோ?" என் மடியில் விரிந்திருந்த பாடக் கொப்பியைப் பார்த்துக் கேட்டார்.

பரீட்சை இல்லை, சர்வதேச அரசியல் பொருளாதார வகுப்பு என்றேன். கேட்காமலே விளக்கவும் தொடங்கினேன். "சாமான் தடையில்லாமல் வந்து போனா எல்லாருக்கும் நன்மை எண்டு ஒரு பகுதி. வெளிச்சாமானை அரசாங்கம் மறிக்கோணும் எண்டு இன்னொண்டு. எப்பிடியும் முதலாளிக்குத்தான் லாபம் எண்டு மூண்டாவது. எது சரியெண்டு அடுத்த கிழமை வகுப்பில சொல்லோணும்."

"வெளிநாட்டு உழுந்தை விடப்போறாங்களாம் எண்டு கதை. விட்டா விலை விழும். விக்கேக்க நான் உங்கட ரெண்டாவது ஆள். கைவசம் இருக்கிறது முடிஞ்சா, வடை சுட்டு விக்கக் கடையில வாங்குறனான். அப்ப முதலாவது."

"மூண்டாவது?"

"யாவாரி தராசைத் தூக்கேக்க. விலை எப்பிடிப் போனாலும் லாபம் அவனுக்குத்தான்." ஒரு மணியைக் கடித்தார். "இண்டைக்கு எல்லாத்தையும் விக்கிறதோ, வடைக்கு வச்சிருக்கிறதோ? படிக்கிறனீங்கள், சொல்லுங்கோவன்."

கொப்பியைப் புரட்டினேன். அதில் நாடுகளைப் பற்றித்தான் இருந்தது, ஒரு பை உழுந்தைப் பற்றி இல்லை. அவர் சிரித்துக்கொண்டே பாதி உழுந்தை வடைக்கென்று வேறொரு பையில் கொட்டி முடிச்சுப் போட்டார்.

அந்தப் பாதி சரியான முடிவா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வகுப்பில் நாடுகளை விட்டுவிட்டு, அந்த இரண்டு பைகளிலிருந்து தொடங்கிப் பார்க்கப் போகிறேன்.