டான்சானியாவிலிருந்து அப்பாவைக் கூட்டிக்கினு வா

நண்பர்களுக்கு ஓர் அறிவிப்பு. இன்று காலை பத்தரை மணி முதல் அடியேன், எங்கள் விழுப்புரம் காலேஜின் ஒரே வெளிநாட்டு மாணவனுக்கு அதிகாரபூர்வ உதவியாளர்.

அவன் பேர் பராக்கா, டான்சானியாக்காரன். பிளஸ் டூ கணக்கை மறுபடி சொல்லித் தரும் பிரிட்ஜ் கோர்ஸில் சேர இன்றைக்குத்தான் கடைசி நாள். விட்டால் முதல் செமஸ்டர் காலி.

‘வெளிநாட்டு மாணவர் உதவி மையம்’ என்று போர்டு மாட்டிய கவுன்ட்டரில் இருந்தவர் ஃபார்மைப் பார்த்தார்.

“பெற்றோர் கையெழுத்து இல்லியே. அப்பாவைக் கூட்டிக்கினு வா.”

“சார், அவங்க அப்பா டான்சானியால இருக்காரு.”

“பரவால்ல, நாலு மணி வரைக்கும் இருப்பேன்.”

“அது திண்டிவனத்துக்கும் அந்தாண்ட சார்.”

“அப்போ லோக்கல் கார்டியன் வரட்டும். ரூல் ரூல்தான்பா.”

பாலம் ஏறுறதுக்கு முன்னாடியே டோல்கேட். செம பேஜாரு!

பராக்கா முகம் வாடிப்போச்சு. வீரமா திண்டிவனத்துக்கு போன் போட்டேன். எங்க அப்பா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை வியாபாரத்தை விட்டுட்டு பஸ் ஏறி வந்து, கார்டியன்னு கையெழுத்துப் போட்டார். பராக்கா சேர்ந்தாச்சு. ஹீரோ நான்தான்.

அப்போதான் அந்த சார் அப்பாகிட்ட கேட்டார், “உங்க பையன் ஃபார்ம் எங்கங்க? அவனும் இந்த பிரிட்ஜ் கோர்ஸ் லிஸ்ட்ல இருக்கானே.”

ஆமாங்க. கணக்கில் நான் புலின்னு வீட்டில் விட்டதெல்லாம் பீலா. பராக்காவை விட எனக்குத்தான் மார்க் கம்மி. அப்பாவைக் கூட்டி வரச் சொல்வாங்கன்னு பயந்து ஃபார்மே வாங்கலை.

இப்போ பஸ்ஸில் அப்பா பக்கத்து சீட்டில். கூட்டேரிப்பட்டு தாண்டியாச்சு, திண்டிவனம் வந்துடும். நான் என்ன சொல்லி ஆரம்பிக்கட்டும்? ஜல்தி சொல்லுங்க.